கோடியக்கரையில் இந்தத் தை மாதம்: பூநாரைகள் எங்கே?

நெய்தல்வாசி (திருச்சி)
ஜனவரி 18, இரவு 9.40

பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் கோடியக்கரையில் இருந்துவிட்டு நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தேன். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக ஒவ்வொரு தையிலும் ஏதாவது ஒரு நீர்நிலைக்குப் போவது வழக்கம். இந்தத் தடவை கோடியக்கரை. பார்த்ததை எழுதி வைக்கிறேன். இரண்டு சந்தேகங்களும் இருக்கின்றன, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதல் நாள் காலை ஆறே காலுக்குச் சதுப்பின் ஓரத்தில் நின்றேன். நல்ல பனி. ஐம்பது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பவளக்காலிகள் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. பனி கலையக் கலைய முதலில் தெரிந்தவை நெடுங்கால் உள்ளான்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு நரி. சேற்றின் ஓரமாகவே மூக்கைத் தரையில் வைத்து நடந்து வந்தது, ஓர் இடத்தில் நின்றது, முன்னங்கால் இரண்டாலும் பரபரவென்று தோண்டியது. வாயில் ஒரு நண்டு. கடித்து உடைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஒரு சீமைக்கருவேலம் புதரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன், இருபது அடிதான் இருக்கும். நண்டை முடித்துவிட்டு நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தது. ஓடவில்லை. திரும்பி அடுத்த வளையை மோந்து பார்க்கப் போய்விட்டது.

மூன்று நாளில் பார்த்தவற்றில் முக்கியமானவை: குதிரைமலைக் கோட்டான் ஒன்பது, கருவால் மூக்கன் ஒரு கூட்டம், பச்சைக்காலி அங்கங்கே, ஊசிவால் வாத்து முனியப்பன் ஏரியில் நிறைய, கரண்டிவாயன் பதினான்கு, சேற்றுப் பூனைப்பருந்து தினமும் ஒன்றிரண்டு. ஒரு விராலடிப்பான் மின்கம்பத்தில் உட்கார்ந்து மீனைக் கிழித்துக்கொண்டிருந்தது. காட்டுக்குள் புல்வெளியில் வெளிமான்கள், மட்டக்குதிரைகள்.

பூநாரை (ஃபிளமிங்கோ) மட்டும்தான் குறை. மூன்று நாளும் சேர்த்து அறுபதைத் தாண்டவில்லை, அதுவும் எட்டாத தூரத்தில். நான் முதல்முதலில் இங்கே வந்தது கஜா புயலுக்கு முந்தைய ஒரு பிப்ரவரியில். அன்றைக்குத் தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்ததை உப்புக் குவியல் என்றே நினைத்தேன். குவியல் மெல்ல நகர்ந்த பிறகுதான் தொலைநோக்கியை எடுத்தேன். ஆயிரக்கணக்கில் நின்றன. இப்போது அவையெல்லாம் எங்கே போயின?

இரண்டாவது சந்தேகம், கொசு உள்ளான்கள் என்ற சின்னஞ்சிறு கரைப்பறவைகள் பற்றி. ஒரு கூட்டத்தில் இரண்டு மட்டும் கொஞ்சம் பழுப்பாக, தனியாக மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் இன்னொரு வகையான தெம்மின்க் கொசு உள்ளானாக இருக்குமோ என்று நினைத்தேன். படம் தெளிவாக இல்லை.

ஆலா (சென்னை)
ஜனவரி 18, இரவு 10.15

போன ஞாயிறு பள்ளிக்கரணையில் நானூறு பூநாரைகளுக்குக் குறையாமல் பார்த்தோம். கோடியக்கரையில் இல்லாதவை இங்கேதான் இருக்கின்றன போலிருக்கிறது. வருத்தமான விஷயம். 1967இல் சரணாலயம் ஆனது, 2002இல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அப்படிப்பட்ட இடத்தில் அறுபதுதான் என்றால் சதுப்பே செத்துக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

உப்பளத்தார் (கோடியக்காடு)
ஜனவரி 19, காலை 6.05

ஆலா தம்பி, அவ்வளவு சீக்கிரம் சாகடித்துவிடாதீர்கள். எங்கள் ஊர்ச் சதுப்பு அது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், எங்கள் அப்பா பார்த்தார். பூநாரை வருவதும் போவதும் தண்ணீரைப் பொறுத்தது.

இந்த வருஷம் ஐப்பசியில் மழை சுமார்தான், ஆனால் மார்கழி பாதி வரைக்கும் விட்டு விட்டுப் பெய்தது. சதுப்பில் இன்னும் நிறைய இடங்களில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. பூநாரை எவ்வளவு நெட்டைக்கால் என்றாலும் தலையைக் கவிழ்த்து அலகைச் சேற்றுக்குக் கொண்டுபோக வேண்டும் அல்லவா. முழங்கால் அளவு இருந்தால்தான் அதற்கு வசதி. அதோடு, மழைத்தண்ணீர் கலந்து உப்பு இறங்கிப்போயிருக்கிறது. அவை தின்கிற உப்புத்தண்ணீர் இறால், ஆர்ட்டீமியா என்று படித்தவர்கள் சொல்வது, கரிப்பு ஏறினால்தான் பெருகும். தை போய் மாசி பிறந்து வெயில் ஏறட்டும், தண்ணீர் வற்றிக் கரிப்பு கூடும். அப்போது வந்து பாருங்கள்.

காற்றையும் சொல்ல வேண்டும். மற்ற கழிமுகங்கள் மாதிரி இங்கே கடல் ஓதம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கி வராது. சதுப்புக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேடு இருக்கிறது. தண்ணீரை நகர்த்துவது பெரும்பாலும் காற்றுதான். வாடை, அதாவது வடக்கத்திக் காற்று, பலமாக அடித்தால் தண்ணீர் மேற்கே போய்க் கூடும், இந்தப் பக்கம் சேறு தெரியும். காற்று திரும்பினால் சேறு மூழ்கும். பறவையும் அதன் பின்னாலேயே போகும். நேற்றுக் காலை பறவை நின்ற இடத்தில் இன்றைக்கு ஒன்றும் இருக்காது. மூன்று நாளைக்கு வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை, அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை.

இந்த நேரத்தில் பூநாரை பார்க்க வேண்டுமென்றால் பஞ்சநதிக்குளம் பக்கம் போயிருக்க வேண்டும். அங்கே மேடு அதிகம், தண்ணீர் கம்மி. போன வெள்ளிக்கிழமை எங்கள் மச்சான் அங்கே ஒரு பெரிய கூட்டத்தைப் பார்த்ததாகச் சொன்னார்.

நீங்கள் முதலில் வந்தது பிப்ரவரி, இப்போது வந்தது ஜனவரி. ஒரு மாதம் என்பது இங்கே பெரிய வித்தியாசம்.

நெய்தல்வாசி (திருச்சி)
ஜனவரி 19, காலை 8.30

ஐயா, இதை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மிக்க நன்றி. காற்றுத் திசையைக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கமே எனக்கு இல்லை. இனிமேல் எழுதுகிறேன்.

வளையக்காரி (கோவை)
ஜனவரி 19, பிற்பகல் 1.20

முதலில் கொசு உள்ளான். காலின் நிறம் பார்த்தீர்களா? சாதாரணக் கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. தெம்மின்க்குக்கு மஞ்சள் கலந்த பச்சை. சேறு ஒட்டியிருந்தால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும், அதனால் ஏமாந்துவிடுவோம். பறக்கும்போது வாலின் ஓரச் சிறகுகள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் தெம்மின்க். மார்பு முழுக்க ஒரே பழுப்புப் போர்வை மாதிரி இருக்கும், மேயும்போதும் பதுங்கிப் பதுங்கி மெதுவாகப் போகும். சாதாரணக் கொசு உள்ளான் தையல் மெஷின் ஊசி மாதிரி கொத்திக்கொண்டே ஓடும். இன்னொன்று, தெம்மின்க்குக்கு நன்னீர்க் கரையும் புல்லும்தான் பிடிக்கும். திறந்த உப்புச் சேற்றில் இருந்தது என்றால் எனக்குச் சந்தேகமே. முனியப்பன் ஏரியின் ஓரத்தில் பார்த்திருந்தால் நம்புவேன். எங்கே பார்த்தீர்கள்?

கல்லூரிக் காலத்தில் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் இடும் முகாமில் இரண்டு வாரம் இருந்திருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. அமாவாசையை ஒட்டிய ராத்திரிகளில்தான் வேலை. நிலா இருந்தால் வலை பறவையின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தலைமுடி மாதிரி மெல்லிய வலை, சேற்றுக்கு மேலே மூங்கில் கழிகளில் கட்டியிருப்பார்கள். முழங்கால் வரை சேற்றில் போய், சிக்கிய பறவையை எடுத்துத் துணிப்பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். வலையிலிருந்து பறவையை எடுப்பது ஒரு கலை. முதலில் கால், பிறகு சிறகு, கடைசியில் தலை. பல வருஷம் பறவை பிடித்துப் பழகிய ஒரு பெரியவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் விரல்களுக்கு வெளிச்சமே தேவைப்படவில்லை.

என் கையில் முதலில் வந்தது ஒரு கொசு உள்ளான். பையோடு தராசில் தொங்கவிட்டுப் பையின் எடையைக் கழித்தால் 24 கிராம். மூன்று பவுன் சங்கிலியின் எடை. உள்ளங்கையில் வைத்தால் சூடு மட்டும்தான் தெரிகிறது, பாரம் தெரியவில்லை. நெஞ்சு துடிப்பதைத் துடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு நடுக்கம் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. காலில் அலுமினிய வளையத்தை இடுக்கியால் மூடி, இறக்கையை அளவுகோலில் வைத்துப் படித்து எழுதிவிட்டுத் தரையில் விட்டோம். உடனே பறக்கவில்லை. இரண்டடி நடந்து, இருட்டுக்குள் ஒருமுறை கொத்திவிட்டுத்தான் போயிற்று. அந்த மூன்று பவுன் உடம்பு சைபீரியாவின் வடகோடியில், மரமே இல்லாத துந்திரச் சமவெளியில் முட்டையிலிருந்து வந்தது.

அப்புறம், ஆலா கேட்டதையும் தள்ளிவிட முடியாது. உப்பளத்தார் ஐயா சொன்ன தண்ணீர்க் கணக்கு முழுக்க உண்மை, ஒரு வருஷத்துக்கும் மறு வருஷத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஆனால் நீண்ட காலக் கணக்கு வேறு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக அங்கே வளையம் இட்டு வருகிறார்கள். 1980களில் இருந்ததற்கு இன்று கரைப்பறவைகள் குறைந்துவிட்டன என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். முகாமில் பெரியவர்கள் கரண்டிமூக்கு உள்ளானை இங்கே கண்ட காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் இருக்கும் பறவை அது. இன்றைக்கு கோடியக்கரையில் அதைப் பார்க்க யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

நெய்தல்வாசி (திருச்சி)
ஜனவரி 19, பிற்பகல் 3.00

திறந்த சேற்றில்தான் பார்த்தேன் அக்கா. கால் நிறம் கவனிக்கவில்லை. வெறும் கொசு உள்ளான் என்றே பட்டியலில் திருத்திவிடுகிறேன்.

வில்லைக்கண் (தஞ்சாவூர்)
ஜனவரி 20, இரவு 11.10

நெய்தல்வாசி, கரையிலேயே நின்றால் பறவை கிடைக்காது. உள்ளே இறங்க வேண்டும். போன வருஷம் பிப்ரவரி கடைசியில் நாங்கள் நான்கு பேர் அதிகாலை இருட்டிலேயே சேற்றில் இறங்கி முக்கால் கிலோமீட்டர் நடந்தோம். விடிந்தபோது கூட்டம் முந்நூறு அடியில். இன்னும் கொஞ்சம் நெருங்கினோம், மொத்தக் கூட்டமும் எழும்பியது. சிவப்பும் கறுப்புமாக இறக்கை விரிந்த அந்தக் காட்சியை வாழ்நாளில் மறக்க மாட்டேன். பதினைந்து வருஷமாகப் படம் எடுக்கிறேன், என்னுடைய சிறந்த படம் அதுதான். தேவைப்பட்டால் எங்கே இறங்கினோம் என்று தனியாகச் சொல்கிறேன்.

உப்பளத்தார் (கோடியக்காடு)
ஜனவரி 21, காலை 5.50

தம்பி, கோபமாக எழுதவில்லை, கேளுங்கள். நீங்கள் அதை எழுப்பிவிட்டீர்கள்.

வேதை டீச்சர் (வேதாரண்யம்)
ஜனவரி 21, மாலை 5.30

வில்லைக்கண் அவர்களுக்கு. நான் இங்கே பள்ளியில் அறிவியல் சொல்லித்தருகிறேன். வருஷா வருஷம் பிள்ளைகளைச் சதுப்புக்கு அழைத்துப்போகிறேன். அவர்களுக்கு நான் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன்.

பூநாரை கொக்கு மாதிரி நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்பாது. தண்ணீரில் பத்துப் பதினைந்து தப்படி ஓடி, கழுத்தை நீட்டி, இறக்கையை அடித்து, பிறகுதான் தரையை விடும். அந்த ஓட்டத்துக்கு எவ்வளவு பலம் செலவாகும் என்று பாருங்கள். அந்தப் பலத்தைச் சேர்க்க அது மணிக்கணக்கில் தலைகீழாக நின்று சேற்றை வடிகட்டியிருக்கிறது. ஒரு முறை எழுப்பினால் ஒரு வேளைச் சாப்பாடு போயிற்று. காலையில் நீங்கள், பத்து மணிக்கு இன்னொரு குழு, மாலையில் மற்றொரு குழு என்று வந்தால் அந்தப் பறவை என்றைக்குத்தான் தின்னும்?

உள்ளான்களுக்கு இது இன்னும் மோசம். தையிலும் மாசியிலும் தின்று கொழுப்புச் சேர்த்தால்தான் சித்திரையில் வடக்கே புறப்பட முடியும். சேராத பறவை வழியிலேயே விழும், அல்லது போய்ச் சேர்ந்தும் முட்டையிடத் தெம்பு இருக்காது. அது விழுவது நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறேன். மேய்ந்துகொண்டிருக்கும் பறவை தலையைத் தூக்கினால் நின்றுவிடு. எல்லாப் பறவையும் தலையைத் தூக்கினால் பின்னால் வா. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்.

வில்லைக்கண் (தஞ்சாவூர்)
ஜனவரி 21, இரவு 10.45

டீச்சர், நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். என்னுடைய அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் தெருவில் ஐந்தாறு பேர் முதன்முதலாகக் கோடியக்கரைக்கு வந்தார்கள். பார்க்காத ஒன்றுக்காக யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். படமே எடுக்காதே என்று சொன்னால் நாளைக்கு அந்தச் சதுப்பில் எது நடந்தாலும் கேட்க ஆள் இருக்காது. இதை நான் மனசார நம்புகிறேன்.

வளையக்காரி (கோவை)
ஜனவரி 22, காலை 9.00

படம் எடுக்கக் கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லையே. கூட்டத்தை எழுப்பி எடுப்பதைப் பற்றித்தான் பேச்சு. மேய்கிற பூநாரையின் படம் பறக்கிற படத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கை உள்ளே பம்பு மாதிரி அடித்து, தண்ணீர் ஓரங்களில் பீறிட்டு வெளியே வருவதை யாராவது நன்றாக எடுத்திருக்கிறார்களா? நான் பார்க்கவில்லை. உங்களால் முடியும். ஓர் இடத்தில் மறைவாக நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், அதுவே பக்கத்தில் வரும். நெய்தல்வாசிக்கு நரி வந்த மாதிரி.

நாங்களும் பறவைக்குச் சிரமம் கொடுத்தவர்கள்தான், வலையில் பிடித்தோமே. அதற்கு அனுமதி உண்டு, அளவு உண்டு, அந்தப் பறவை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் தேவை உண்டு. அப்படி இருந்தும் ஒவ்வொரு ராத்திரியும் மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் தூங்கினேன்.

ஆலா (சென்னை)
ஜனவரி 22, மதியம் 12.40

வேறொரு கேள்வி. நெய்தல்வாசி மட்டக்குதிரைகளைப் பார்த்ததாக எழுதியிருந்தார். காட்டுக் குதிரைகளா அவை? சரணாலயத்தில் எப்படி?

உப்பளத்தார் (கோடியக்காடு)
ஜனவரி 22, இரவு 8.20

காட்டுக் குதிரை கிடையாது. யாரோ எப்போதோ வளர்த்து விட்டுவிட்டவற்றின் வம்சம். பார்க்க அழகுதான், வருகிறவர்கள் முதலில் படம் எடுப்பது அதைத்தான். ஆனால் வெளிமானும் அதே புல்லைத்தான் மேய்கிறது. புல்வெளியே கொஞ்சம். அதிலும் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. குதிரை அந்தக் காயைத் தின்று போகிற இடமெல்லாம் சாணியில் விதைத்துவிட்டுப் போகிறது. வனத்துறை வெட்டுகிறார்கள், அது முளைக்கிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரை ஏறியதே, அதற்குப் பிறகு காட்டைப் பார்த்திருந்தால் அழுதிருப்பீர்கள். எத்தனை தலைமுறையாக நின்ற பாலை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் வீட்டு ஓடு பறந்தது, தென்னை முழுக்கப் போயிற்று. ஆனால் மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தது மானைத்தான். காட்டின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கிடா நின்றுகொண்டிருந்தது, கொம்பில் பனையோலைக் கிழிசல் சுற்றியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வீட்டு வேலையில் மனசு போயிற்று.

ஆண் வெளிமானைப் பார்க்க விரும்புகிறவர்கள் ராமர் பாதம் போகும் வழியில் காலை ஏழு மணிக்குள் போங்கள். வண்டியை விட்டு இறங்க வேண்டாம்.

கழனிக்குருவி (மன்னார்குடி)
ஜனவரி 24, இரவு 9.15

நான் இந்த இழையைப் படிக்க மட்டுமே வந்தேன். ஒன்றைச் சொல்லத் தோன்றியது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. சின்ன வயசில் எங்கள் பக்கம் மார்கழி, தையில் உள்ளானும் மடையானும் கட்டுக்கட்டாகத் தெருவில் விற்பார்கள். எங்கள் அப்பா வாங்கி வருவார். அம்மா மிளகு நிறையப் போட்டு வறுப்பார். ருசியாகத்தான் இருந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது. அப்போது அது சைபீரியாவிலிருந்து வந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வயல் பறவை, அவ்வளவுதான்.

1972லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்பதையும் நான் பெரியவனான பிறகுதான் தெரிந்துகொண்டேன். இப்போது வெளிப்படையாக விற்பதில்லை. ஆனால் முழுசாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதம்கூட ஓர் ஊரின் வாய்க்கால் பாலத்தில் ஒருவர் சாக்குப்பைக்குள் கையை விட்டுக் காட்டினார். உயிரோடு இருந்தன. கண்ணை மூடி நூலால் தைத்திருந்தார்கள். நான் வனத்துறைக்குத் தகவல் சொன்னேன், வந்து பையை வாங்கினார்கள். பதினொன்றில் நான்கு பிழைத்தன.

வளையக்காரி எழுதியதில் அந்த மூன்று பவுன் என்பதைப் படித்தபோது எங்கள் அம்மாவின் வாணலிதான் நினைவுக்கு வந்தது. ஒரு சட்டி நிறைய எத்தனை இருந்திருக்கும்.

வேதை டீச்சர் (வேதாரண்யம்)
ஜனவரி 25, காலை 7.10

அண்ணா, தகவல் சொன்னீர்களே, எத்தனை பேர் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்கள். என் வகுப்பில் ஒரு பையனின் தாத்தா அந்தக் காலத்தில் வலை போட்டவர். போன வருஷம் அவரையே வகுப்புக்கு அழைத்து, எந்தப் பறவை எந்த மாதம் எங்கே இறங்கும் என்று சொல்லச் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசினார். ஒவ்வொரு பறவையின் குரலையும் எழுப்பிக் காட்டினார். எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு பாடம் இல்லை.

ஆலா (சென்னை)
ஜனவரி 26, காலை 10.00

உப்பளத்தார் ஐயா சொன்ன மாசி மாதத்துக்கு நானும் வரலாம் என்று இருக்கிறேன். ரயிலில் எதுவரை வரலாம்?

உப்பளத்தார் (கோடியக்காடு)
ஜனவரி 26, மாலை 6.30

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை 2023இல் மறுபடி ரயில் விட்டார்கள். அகத்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு வாருங்கள், 1930இல் திருச்சியிலிருந்து ராஜாஜியோடு நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய இடம். அங்கிருந்து பேருந்து இருக்கிறது. தங்குவதற்கு வனத்துறையின் பூநாரை இல்லத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ராத்திரி கடற்கரைக்குப் போகிற எண்ணம் இருந்தால் டார்ச் அடிக்காதீர்கள். பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடக் கரை ஏறுகிற காலம் அது. வெளிச்சத்தைப் பார்த்தால் பாதி மணலில் திரும்பிவிடும்.

நெய்தல்வாசி (திருச்சி)
மார்ச் 2, இரவு 9.00

போய் வந்தேன். ஆலாவும் சென்னையிலிருந்து வந்திருந்தார். எதிர்பாராமல் வில்லைக்கண் அண்ணனும் வந்து சேர்ந்துகொண்டார்.

உப்பளத்தார் ஐயா சொன்ன மாதிரியே தண்ணீர் வற்றியிருந்தது. ஜனவரியில் நான் நின்ற இடத்திலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே வரைக்கும் சேறு காய்ந்து வெடித்து, வெடிப்பின் ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது. முதல் நாள் காலை கிழக்கிலிருந்து கொண்டல் காற்று, பறவை குறைவு. மறுநாள் காற்று வாடைக்குத் திரும்பியது. ஐயாவே எங்களை அழைத்துப்போய் ஒரு வரப்பின் மறைவில் உட்காரவைத்துவிட்டு, பாத்தி மிதிக்கும் வேலைக்குப் போய்விட்டார்.

ஏழரை மணிக்கு முதல் வரிசை நடந்தே வந்தது. பறந்து வரவில்லை, மேய்ந்துகொண்டே நடந்து வந்தது. எண்ணிப் பார்த்ததில் ஆயிரத்து நூறு வரை வந்து, பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது. பெரும்பாலும் பெரிய பூநாரை. நடுவில் குள்ளமாக, அலகு கறுஞ்சிவப்பாக, சிறிய பூநாரைகள் முப்பதுக்கு மேல். முதல் வருஷத்துக் குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் ஓரமாக வந்தன. மேயும்போது பூநாரைகள் காலால் சேற்றை மிதித்து மிதித்துத் தம்மையே சுற்றி வருகின்றன. அப்படிச் சுற்றிய இடத்தில் வட்டமாக ஒரு குழி விழுகிறது, நடுவில் மேடு. அவை போன பிறகு பார்த்தால் சேறு முழுக்க அந்த வட்டங்கள். எங்கள் ஆயா முறுக்கு பிழிந்து வைத்த துணி மாதிரி இருந்தது.

ஒலியும் உண்டு. வாத்துக் கூட்டம் தூரத்தில் முணுமுணுப்பது மாதிரி ஒரு சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. கூடவே நூற்றுக்கணக்கான அலகுகளில் தண்ணீர் சலசலக்கும் சத்தம். இவ்வளவு பக்கத்தில் இருந்தால்தான் அது கேட்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஒன்பது மணி வாக்கில் மேலே ஒரு பொரி வல்லூறு வந்தது. உள்ளான் கூட்டம் முழுக்க ஒரே வீச்சில் எழும்பிச் சுருண்டு திரும்பியது. பூநாரைகள் தலையைத் தூக்கின, எழும்பவில்லை. அண்ணன் கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்லைக்கண் (தஞ்சாவூர்)
மார்ச் 3, இரவு 10.20

நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன், முதுகு இன்னும் வலிக்கிறது. வளையக்காரி சொன்ன அந்த அலகுப் படம் கிடைத்தது. தண்ணீர் ஓரத்தில் பீறிடுவது தெரிகிறது, கண் மஞ்சளாகத் தெளிவாக விழுந்திருக்கிறது. நாளைக்கு இங்கே போடுகிறேன். போன வருஷம் இறங்கிய இடத்தை நான் இனி யாருக்கும் சொல்லப் போவதில்லை, கேட்டிருந்த இரண்டு பேரும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

வளையக்காரி (கோவை)
மார்ச் 4, காலை 8.15

படத்துக்குக் காத்திருக்கிறேன். நெய்தல்வாசி, கூட்டத்தில் காலில் வளையமோ வண்ணக் கொடியோ கட்டிய பறவை எதுவும் கண்ணில் பட்டதா? கொடியின் நிறமும் மேல் கீழ் வரிசையும் தெரிந்தால் எந்த ஊரில் கட்டியது என்று கண்டுபிடித்துவிடலாம்.

நெய்தல்வாசி (திருச்சி)
மார்ச் 4, மதியம் 1.05

வளைமூக்கு உள்ளான் ஒன்றின் வலது காலில் உலோகம் மின்னியது. எழுத்தைப் படிக்க முடியவில்லை. அதன் மார்பில் இரண்டு மூன்று இறகுகள் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தன.

உப்பளத்தார் (கோடியக்காடு)
ஏப்ரல் 27, காலை 6.00

டீச்சர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். கொசு உள்ளான்கள் போய்விட்டன. போன வாரம் சாயங்காலம் மூன்று நாள் தொடர்ந்து கூட்டம் கூட்டமாக எழும்பி, உயரமாக இரண்டு சுற்று சுற்றிவிட்டு வடக்கே போனதைப் பாத்தியில் நின்றபடியே பார்த்தோம். பூநாரையில் கொஞ்சம் இன்னும் பஞ்சநதிக்குளம் பக்கம் நிற்கின்றன. நாங்கள் உப்பு வாருகிறோம், வெயில் தாங்கவில்லை.

எங்கள் மூன்றாம் பாத்தியின் வரப்பில் ஒரு பவளக்காலி இருக்கிறது. இடது கால் மடங்கியிருக்கிறது, ஒற்றைக்காலில் தத்தித்தான் மேய்கிறது. போன கோடையிலும் அது இங்கேயே இருந்தது. மதியம் நாங்கள் கஞ்சி குடிக்க உட்காரும் கொட்டகையின் நிழலுக்கு அதுவும் வந்து நிற்கும்.